ஆங்கிலத் தேர்வில் எழுவாயைத் தேடுவது எப்படி?

"தி பேக் ஆஃப் மேங்கோஸ்..." என்று ஒரு வாக்கியம் தொடங்குகிறது. மாம்பழப் பை மேசைமேல் இருக்கிறது என்று சொல்லி முடிக்க வேண்டும். அடுத்து வரவேண்டிய சொல் 'இஸ்' என்பதா, 'ஆர்' என்பதா?

இதைப் படிவம் ஐந்து மாணவரிடம் கேட்டாலும் சரி, பட்டம் பெற்று வேலை பார்ப்பவரிடம் கேட்டாலும் சரி, பெரும்பாலோர் முதலில் செய்வது ஒன்றுதான். இரண்டு விதமாகவும் வாய்க்குள் சொல்லிப் பார்க்கிறார்கள். காதுக்கு எது நன்றாக ஒலிக்கிறதோ அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். 'மேங்கோஸ் ஆர்' என்பது காதுக்கு இதமாகத்தான் இருக்கிறது. ஆனால், சரியான விடை 'இஸ்'. மேசைமேல் இருப்பது பை. எந்தப் பை என்று சொல்வதற்காக மட்டுமே மாம்பழங்கள் அங்கே வந்திருக்கின்றன. பை ஒன்று, ஆகவே வினையும் ஒருமை.

வீட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும்போதும் இதே கதைதான். "அப்பா, இதில் எது சரி?" என்று மகள் கேட்டால், "சத்தமாக வாசித்துப் பாரம்மா, உனக்கே தெரியும்" என்கிறார் தந்தை. நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார். ஆனால், தேர்வுத்தாள் தயாரிப்பவர்கள் குறி வைப்பதே அந்தக் காதைத்தான் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

காது ஏன் ஏமாற்றுகிறது?

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பிள்ளைகளின் காதில் விழும் ஆங்கிலம் பல மொழிகளோடு கலந்து வளர்ந்தது. மலாயில் 'பெர்கி' என்ற வினைச்சொல் யார் போனாலும் மாறுவதில்லை. சாயா பெர்கி, டியா பெர்கி, மெரேகா பெர்கி. நான், அவர், அவர்கள் எல்லாருக்கும் அதே சொல்தான். சீன மொழியிலும் வினைச்சொல் ஆளுக்கேற்ப உருமாறாது. இந்த மொழிகளுக்கு நடுவே புழங்கும் ஆங்கிலத்தில் "மை சிஸ்டர் வொர்க் தேர்", "ஹி கோ ஆல்ரெடி" என்று வால் உதிர்ந்து போவதில் வியப்பில்லை. சந்தையில் மீன் வாங்கவும், பேருந்து நிறுத்தத்தில் அரட்டை அடிக்கவும் அது போதும். அதைக் கேலி செய்யவும் தேவையில்லை. ஆனால், தேர்வு கேட்பது அதை அல்ல.

ஆங்கிலமே தாய்மொழியாக உள்ளவர்களின் காதும் இந்த இடத்தில் தடுமாறும் என்பது ஆறுதலான செய்தி. கேத்ரின் பாக், கேரல் மில்லர் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் 1991இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. வாக்கியத்தின் முன்பாதியைக் கேட்கச் செய்து, பின்பாதியைப் பேசி முடிக்கச் சொன்னார்கள். எழுவாய் ஒருமையாக இருந்து, அதற்கும் வினைக்கும் நடுவில் ஒரு பன்மைப் பெயர் புகுந்துவிட்டால், பேசுபவர்கள் பன்மை வினைக்குச் சறுக்கினார்கள். இதற்கு நேர்மாறாக, எழுவாய் பன்மையாகவும் நடுவில் வரும் பெயர் ஒருமையாகவும் இருந்தபோது அவ்வளவு சறுக்கல் இல்லை. மாம்பழப் பையில் நடப்பது இதுவே. பக்கத்தில் நிற்கும் 'எஸ்' என்ற ஒலி நம்மை இழுத்துக்கொண்டு போய்விடுகிறது.

எந்தெந்தத் தேர்வில் வருகிறது?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் மாணவர்கள் எழுதும் எஸ்.ஏ.டி. தேர்வில் இது நிலையான பகுதி. 1926இல் தொடங்கிய அந்தத் தேர்வு, அமெரிக்காவுக்கு வெளியே 2023 மார்ச் முதலும், அமெரிக்காவில் 2024 மார்ச் முதலும் கணினிக்கு மாறியது. வாசிப்பும் எழுத்தும் சேர்ந்த பிரிவில் 54 கேள்விகள், 64 நிமிடங்கள். கேள்வி ஒன்றுக்கு எழுபது வினாடி சொச்சம். அதில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு, அதாவது 11 முதல் 15 கேள்விகள் வரை, பொது ஆங்கில மரபு பற்றியவை. நிறுத்தக்குறிகள், எழுவாய்-வினை இயைபு, அடைமொழி நிற்க வேண்டிய இடம், காலம் எல்லாம் அதற்குள் அடக்கம்.

வணிக மேலாண்மைப் படிப்புக்கான ஜிமேட் தேர்வில் வாக்கியத் திருத்தம் என்று ஒரு பகுதி நெடுங்காலம் இருந்தது. 2023 நவம்பரில் வந்த புதிய வடிவத்தில் அது எடுக்கப்பட்டுவிட்டது. பழைய பயிற்சி நூல்களை வாங்கி வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஆனாலும், வாக்கியத்தைப் பிரித்துப் பார்க்கப் பழக அந்த நூல்கள் இன்றும் பயன்படும். சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் இலக்கணக் கேள்விகளும் பிழைதிருத்தமும் உண்டு. சாதாரண நிலைத் தேர்வின் பிழைதிருத்தப் பகுதியில் பிழையில்லாத வரிகளும் நடுவே இருக்கும். சரியானதைத் தப்பென்று திருத்தும் மாணவர் மாட்டிக்கொள்வது அங்கேதான்.

நம்மிடம் ஏற்கனவே இருக்கும் கருவி

தேர்வு நெருங்கும்போது நம் குடும்பங்களில் ஒரு பேச்சு எழுகிறது. எஸ்.பி.எம். தேர்வில் தமிழ் விருப்பப் பாடம்தானே, அதை விட்டுவிட்டால் ஆங்கிலத்தில் கூடுதல் கவனம் செலுத்தலாமே என்பார்கள். நேரக் கணக்குப் பார்த்தால் சரியாகத்தான் தோன்றும். ஆனால், ஆங்கில இலக்கணக் கேள்விகளில் சோதிக்கப்படும் இரண்டு முக்கியமான விஷயங்களும் தமிழ் வகுப்பில் கற்றுத்தரப்படுபவை என்பதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

வந்தேன், வந்தாய், வந்தான், வந்தாள், வந்தார், வந்தது, வந்தன. தமிழில் வினைமுற்றைச் சொன்னாலே வந்தவர் யார், ஆணா பெண்ணா, ஒன்றா பலவா என்பது தெரிந்துவிடும். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் முதல் இயலே பெயரும் வினையும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும் என்பதில்தான் தொடங்குகிறது. நன்னூல் ஏழு வகை வழுக்களைச் சொல்லும்போது திணையையும் பாலையும் இடத்தையும் முதலில் வைக்கிறது. 'அவன் வந்தாள்' என்று மூன்று வயதுப் பிள்ளை சொன்னாலும் வீட்டில் எல்லாரும் சிரித்துவிடுவார்கள்.

இதோடு ஒப்பிட்டால் ஆங்கிலம் மிக எளிது. பெரும்பாலான வினைகள் மாறுவது ஒரே இடத்தில்தான். நிகழ்காலத்தில் படர்க்கை ஒருமைக்கு ஓர் 'எஸ்' சேரும். அதற்கு மேல் 'இஸ்-ஆர்', 'வாஸ்-வேர்', 'ஹேஸ்-ஹேவ்' என்ற மூன்று இணைகள். அவ்வளவுதான். இதில் பிள்ளைகளைக் குழப்புவது ஒன்று உண்டு. பெயர்ச்சொல்லில் 'எஸ்' சேர்ந்தால் பன்மை, வினைச்சொல்லில் 'எஸ்' சேர்ந்தால் ஒருமை. "பாய் ரன்ஸ்", "பாய்ஸ் ரன்". பெயருக்கும் வினைக்கும் நடுவில் ஒரே ஓர் 'எஸ்' இருப்பதுபோலவும், இருவரில் ஒருவர்தான் அதை வைத்துக்கொள்ளலாம் என்பதுபோலவும் சொல்லிக் கொடுத்தால் சிறு பிள்ளைகளுக்கும் பதிந்துவிடும். இதற்கு விலக்குகள் இருந்தாலும் தொடக்கத்துக்கு இது போதும்.

ஆக, கடினம் விதியில் இல்லை. எழுவாய் எது என்று கண்டுபிடிப்பதில்தான் இருக்கிறது. தேர்வுத்தாள் அந்த எழுவாயை ஒளித்து வைக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு. நம் காடுகளில் பூக்கும் ராஃப்லேசியாவைப் பற்றி ஒரு வாக்கியம்: "தி ஸ்மெல் ஆஃப் ராஃப்லேசியா ஃபிளவர்ஸ், விச் ப்ளூம் ஃபார் ஒன்லி எ ஃபியூ டேஸ், ... ஃபிளைஸ்." ஒரு சில நாள்களே மலர்ந்திருக்கும் ராஃப்லேசியா பூக்களின் நாற்றம் ஈக்களை இழுக்கிறது என்பது பொருள். கோடிட்ட இடத்துக்கு நான்கு விடைகள்: 'அட்ராக்ட்', 'ஆர் அட்ராக்டிங்', 'அட்ராக்ட்ஸ்', 'ஹேவ் அட்ராக்டெட்'. பூக்கள், நாள்கள் என்று இரண்டு பன்மைகள் வழியில் நிற்கின்றன. ஆங்கிலத்திலேயே யோசித்தால் தலை சுற்றும். தமிழில் ஒரு கேள்வி கேட்டால் போதும். ஈக்களை இழுப்பது எது? நாற்றம். நாற்றம் இழுக்கிறது, இழுக்கின்றன அல்ல. விடை 'அட்ராக்ட்ஸ்'.

இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. நான்கு விடைகளில் மூன்று பன்மைக்கு உரியவை, ஒன்று மட்டும் ஒருமை. சரியான விடை ஒன்றே ஒன்று என்பதால், இப்படி ஒன்று தனித்து நின்றால் கேள்வி எழுவாய்-வினை இயைபைத்தான் சோதிக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். வாக்கியத்தை வாசிக்கும் முன்பே விடைகளை ஒரு பார்வை பார்ப்பது இதற்காகத்தான். குறுக்குவழி என்று சிலர் முகம் சுளிப்பார்கள். கேள்வி எதைப் பற்றியது என்று அறிந்துகொண்டு வாசிப்பதில் தவறொன்றும் இல்லை.

'டுகெதர் வித்', 'அலாங் வித்', 'ஆஸ் வெல் ஆஸ்' என்று வருபவை அடுத்த பொறி. "சீதா, அலாங் வித் ஹெர் பிரதர்ஸ், ... கமிங்." சீதாவும் வருகிறாள், அண்ணன் தம்பிகளும் வருகிறார்கள், ஆகவே 'ஆர்' என்று மாணவர் எழுதிவிடுவார். தமிழில் சொல்லிப் பாருங்கள். 'சீதா தன் தம்பிகளுடன் வருகிறாள்' என்போமே தவிர 'வருகிறார்கள்' என்று முடிக்க மாட்டோம். 'சீதாவும் தம்பிகளும் வருகிறார்கள்' என்பது வேறு. 'உடன்' என்பதற்கும் 'உம்' என்பதற்கும் உள்ள அந்த வேறுபாடுதான் 'அலாங் வித்' என்பதற்கும் 'அண்ட்' என்பதற்கும் உள்ளது. இதை ஆங்கிலத்தில் விளக்க ஒரு பக்கம் வேண்டும். தமிழ் தெரிந்த பிள்ளைக்கு இரண்டு வாக்கியம் போதும்.

'எவ்ரி', 'ஈச்' இரண்டும் அப்படியே. 'ஒவ்வொரு பையனும் வந்தான்' என்பதுதான் தமிழ். எத்தனை பையன்கள் வந்திருந்தாலும் வினை ஒருமையில் நிற்கும். 'எவ்ரி பாய் ஹேஸ் கம்' என்பதும், 'ஈச் ஆஃப் தி பாய்ஸ் ஹேஸ் கம்' என்பதும் அதே கணக்கு.

அணி, குழு, குடும்பம் போன்ற தொகுதிப் பெயர்களில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். நம் பள்ளிகளுக்கு வந்த பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் 'தி டீம் ஆர்' என்றும் சொல்வதுண்டு. அமெரிக்கத் தேர்வில் 'தி டீம் இஸ்'தான். நமக்கோ அணி என்றைக்கும் 'வென்றது'தான். 'போலீஸ் வந்தது' என்று நாம் சொல்வதை மட்டும் அங்கே கொண்டுபோகக் கூடாது. ஆங்கிலத்தில் போலீஸ் எப்போதும் பன்மை, 'போலீசார் வந்தனர்' என்பதுபோல.

தமிழ் கைவிடும் இடங்கள்

எல்லாவற்றையும் தமிழ் பார்த்துக்கொள்ளும் என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். பேச்சுத்தமிழில் அஃறிணைப் பன்மை ஏறக்குறைய மறைந்துபோய்விட்டது. 'மாடுங்க மேயுது', 'புத்தகங்கள் அங்கே இருக்கு' என்றுதான் வீட்டில் பேசுகிறோம். 'மேய்கின்றன', 'இருக்கின்றன' என்பவை எழுத்துத்தமிழில்தான் உயிரோடு இருக்கின்றன. தமிழ்க் கட்டுரையில் 'மாடுகள் மேய்கிறது' என்று எழுதும் மாணவர் ஆங்கிலத்தில் 'தி கவ்ஸ் ஈட்ஸ்' என்று எழுதினால், இரண்டும் ஒரே பிழை. ஒன்றைத் திருத்தினால் மற்றதும் திருந்தும். சமையலறைத் தமிழ் மட்டும் போதாது, வகுப்பறைத் தமிழும் வேண்டும் என்பதற்கு இது ஒரு காரணம்.

'அப்பா வந்திருக்கிறார்கள்' என்று மரியாதைப் பன்மையில் பேசும் வீட்டுப் பிள்ளைக்கு, ஆங்கில வினை இந்த மரியாதை பார்க்காது என்பதையும் சொல்லிவைக்க வேண்டும். பிரதமரே ஆனாலும் 'ஹேஸ்'தான். தகவல்கள் என்று தமிழில் தாராளமாகச் சொல்லலாம். ஆங்கிலத்தில் 'இன்ஃபர்மேஷன்' பன்மையாகாது. 'ஃபர்னிச்சர்', 'எக்விப்மென்ட்' ஆகியவையும் அப்படியே. கடைப் பலகைகளில் 'ஃபர்னிச்சர்ஸ்' என்று பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது சிரமம். 'நியூஸ்' என்பது 'எஸ்' ஒலியில் முடிந்தாலும் ஒருமை. 'நெய்தர்... நார்' வரும்போது வினைக்குப் பக்கத்தில் நிற்கும் பெயரைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்ற விதிக்கும் தமிழில் துணை இல்லை. இவற்றை மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழியில்லை.

நடந்து வந்த மழை

இனி அடைமொழிகள். பெயரடை, வினையடை, பெயரெச்சம், வினையெச்சம் என்று தமிழ்ப்பள்ளியில் படித்தவைதான். தேர்வில் இவற்றைச் சோதிக்கும் கேள்விகள் வேடிக்கையாகவும் இருக்கும்.

"வாக்கிங் டு ஸ்கூல், தி ரெய்ன் ஸ்டார்டெட்." பேச்சில் இது எவர் காதையும் உறுத்தாது. ஆனால், வாக்கியம் சொல்வது என்ன? ஆங்கிலத்தில் இப்படி ஒரு தொடர் முன்னால் வந்து காற்புள்ளியில் நின்றால், காற்புள்ளிக்குப் பின் முதலில் வரும் பெயர்தான் அந்தச் செயலைச் செய்ததாகக் கணக்கு. இங்கே முதலில் வருவது மழை. ஆக, பள்ளிக்கு நடந்து போனது மழை!

இதையே தமிழில், 'பள்ளிக்கு நடந்து மழை தொடங்கியது' என்று சொன்னால் யாருக்கும் உடனே இடறும். 'செய்து' என்ற வாய்பாட்டு வினையெச்சம் தன் வினைமுதலின் வினையையே கொண்டு முடிய வேண்டும் என்று தொல்காப்பியம் சொல்கிறது. அதாவது, நடந்தவர் யாரோ அவரே அடுத்த வினையையும் செய்ய வேண்டும். 'மழை பெய்து பயிர் விளைந்தது' என்பதுபோன்ற விலக்குகள் உண்டு. ஆனால், 'வந்து', 'பார்த்து', 'சாப்பிட்டு' என்று நாம் அன்றாடம் பேசும்போது இந்த விதி தானாகவே நாவில் நிற்கிறது. அமெரிக்கத் தேர்வில் தொங்கும் அடைமொழி என்று பெயர் வைத்து அச்சுறுத்தும் பிழை இதுதான்.

திருத்தும் முறையும் ஒன்றே என்பது இன்னும் சுவையானது. தமிழில் நாம் என்ன செய்வோம்? 'நான் பள்ளிக்கு நடந்து போகும்போது மழை தொடங்கியது' என்போம். 'நான்' என்று ஆளைக் கொண்டுவந்துவிட்டோம், எச்சத்தையும் 'போகும்போது' என்று மாற்றிவிட்டோம். ஆங்கிலத்திலும் "ஆஸ் ஐ வாஸ் வாக்கிங் டு ஸ்கூல், தி ரெய்ன் ஸ்டார்டெட்" என்று ஆளை உள்ளே கொண்டுவந்தால் வாக்கியம் நேராகிவிடும்.

ஆனால், இதே பகுதியில்தான் தமிழ் நம்மை ஒரு முறை நன்றாக ஏமாற்றும். பி. ரம்லியை எடுத்துக்கொள்வோம். "பார்ன் இன் பினாங் இன் 1929, பி. ரம்லீஸ் ஃபிலிம்ஸ் ஆர் ஸ்டில் லவ்ட் டுடே." தமிழில், '1929இல் பினாங்கில் பிறந்த பி. ரம்லியின் படங்கள் இன்றும் விரும்பப்படுகின்றன' என்றால் குறையே இல்லை. 'பிறந்த' என்ற பெயரெச்சம் பக்கத்தில் நிற்கும் ரம்லியைப் பிடித்துக்கொள்கிறது. ஆங்கிலத் தேர்வில் இது தவறு. காற்புள்ளிக்குப் பின் வரும் தொடரின் தலைப்பெயர் 'ஃபிலிம்ஸ்'. ரம்லி அங்கே ஓர் உடைமைச் சொல்லாக மட்டுமே நிற்கிறார். பினாங்கில் பிறந்தவை படங்கள் என்று பொருளாகிவிடும். "பார்ன் இன் பினாங் இன் 1929, பி. ரம்லீ டைரக்டெட் ஹிஸ் ஃபர்ஸ்ட் ஃபிலிம் இன் 1955" என்பது சரி. பிறந்தவரும் 'பெனாரிக் பெச்சா' படத்தை இயக்கியவரும் அவரே.

எஸ்.ஏ.டி. கேள்விகளில் இந்த உடைமைப் பொறி விருப்பமான ஒன்று. ஓர் எழுத்தாளரைப் பற்றியோ அறிவியலாளரைப் பற்றியோ முன்னால் ஒரு தொடர் வரும். விடைகளில் சில அவருடைய நூல், அவருடைய ஆய்வு, அவருடைய புகழ் என்று தொடங்கும். ஒன்று மட்டும் அவர் பெயரில் தொடங்கும். அவசரத்தில் எல்லாம் ஒன்றுபோலவே தெரியும். முன் தொடரில் சொல்லப்பட்டவர் யார் என்று கேட்டு, அந்த ஆள் உடைமை வால் இல்லாமல் நிற்கும் விடையைப் பார்க்க வேண்டும்.

'ஒன்லி' என்ற சின்னச் சொல்லும் இந்த வகையில் சேரும். 'நான் மட்டும் இரண்டு தோசை சாப்பிட்டேன்' என்பதும், 'நான் இரண்டு தோசை மட்டும் சாப்பிட்டேன்' என்பதும் வேறு வேறு என்று தோசைக்கல் அருகே நிற்கும் அம்மாவுக்கு விளக்க வேண்டியதில்லை. தமிழில் 'மட்டும்' தான் கட்டுப்படுத்தும் சொல்லுக்குப் பின்னால் நிற்கும். ஆங்கிலத்தில் 'ஒன்லி' முன்னால் நிற்கும். இடம் மாறினாலும், பக்கத்தில் நிற்க வேண்டும் என்பதில் மாற்றமில்லை.

பையன்களில் ஒருவன்

எழுவாய்-வினை இயைபும் அடைமொழியும் ஒரே வாக்கியத்தில் சேரும்போதுதான் கேள்வி கடினமாகிறது. ஆங்கில ஆசிரியர்களே அடிக்கடி விவாதிக்கும் வாக்கியம் ஒன்று உண்டு. "ரவி இஸ் ஒன் ஆஃப் தி பாய்ஸ் ஹூ ... செஸ்." கோடிட்ட இடத்தில் வருவது 'ப்ளே' என்பதா, 'ப்ளேஸ்' என்பதா? ரவி ஒருவன், ஆகவே 'ப்ளேஸ்' என்பார் ஒருவர். பையன்கள் பலர், ஆகவே 'ப்ளே' என்பார் மற்றவர்.

தமிழுக்குக் கொண்டுவந்தால் இந்தச் சண்டை தீர்ந்துவிடும். தமிழில் பெயரெச்சம் தான் தழுவும் பெயருக்கு முன்னால் நின்றாக வேண்டும். 'சதுரங்கம் ஆடுகிற பையன்களில் ஒருவன் ரவி' என்றால், ஆடுகிறவர்கள் பையன்கள். அந்தக் கூட்டத்தில் ரவியும் ஒருவன். எனவே, ஆங்கிலத்தில் பன்மை, 'ப்ளே'. 'பையன்களில் சதுரங்கம் ஆடுகிற ஒருவன் ரவி' என்றால், ஆடுகிறவன் அந்த ஒருவன் மட்டுமே. இந்தப் பொருளை ஆங்கிலத்தில் சொல்ல 'தி ஒன்லி ஒன் ஆஃப் தி பாய்ஸ் ஹூ ப்ளேஸ்' என்று 'ஒன்லி' சேர்ப்பார்கள். அப்போது ஒருமை. 'ஆடுகிற' என்ற சொல் ஒருமை பன்மை காட்டாது. ஆனாலும், அது நிற்கும் இடமே விடையைக் காட்டிவிடுகிறது.

இவ்வளவும் எழுபது வினாடிக்குள் முடியுமா என்ற கேள்வி எழலாம். முதல் வாரத்தில் முடியாது. தொடக்கத்தில் நேரம் பாராமல், ஒரு நாளைக்கு ஐந்து வாக்கியம் எடுத்துக்கொள்வது நல்லது. ஆங்கில நாளிதழே போதும், தனி நூல் வேண்டாம். ஒவ்வொரு வாக்கியத்திலும் வினையை முதலில் கண்டுபிடித்து, 'யார்?' அல்லது 'எது?' என்று தமிழில் கேட்டு எழுவாயைப் பிடிக்க வேண்டும். 'ஆஃப்', 'இன்', 'வித்' என்று தொடங்கும் துண்டுகளையும், இரண்டு காற்புள்ளிகளுக்கு நடுவில் இருப்பதையும் விரலால் மறைத்துவிட்டு வாசித்துப் பார்க்க வேண்டும். பை மட்டும் மிஞ்சும், மாம்பழங்கள் மறைந்துவிடும். முன்னால் ஒரு தொடர் வந்து காற்புள்ளியில் நின்றால், செய்தவர் யார் என்று கேட்டு அடுத்த சொல்லைப் பார்க்க வேண்டும்.

கணினித் திரையில் விரல் வைக்க முடியாது என்பார்கள். எஸ்.ஏ.டி. செயலியில் வரிகளை வண்ணமிட்டுக் குறிக்கவும், தவறான விடைகளை அடித்துவிடவும் வசதி இருக்கிறது. பயிற்சித் தேர்வுகளைக் காலேஜ் போர்டு அந்தச் செயலியிலேயே இலவசமாகத் தருகிறது. தேர்வு நாளுக்கு முன்பே அதில் நாலைந்து முறை பழகிக்கொண்டால், எழுவாயை மட்டும் வண்ணமிட்டுவிட்டு வினைக்குத் தாவுவது கைக்கு வந்துவிடும்.